ஃப்யூரிக்கு என்ன விலை?

நான் பழைய பைக் ஒன்று வாங்கியிருக்கிறேன் என்று தெரிந்ததும் எல்லோரும் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். ஒன்று, "இந்த வயசுல எதுக்கு சார்?" மற்றது, "எவ்வளவுக்கு முடிச்சீங்க?" முதல் கேள்விக்கு என் மனைவிக்கே இன்னும் ஒழுங்கான பதில் சொல்லவில்லை. இரண்டாவதற்கு விவரமாகவே சொல்லலாம். அந்த வண்டிக்கு விலை போட்டவன் நான், வாங்கியவனும் நான். இரண்டு வேலையையும் ஒரே ஆள் செய்தால் விற்பவருக்கு நியாயம் கிடைக்குமா? ஒரு மாதம் என்னைத் தூங்கவிடாத விஷயம் இதுதான்.

வண்டி என்ஃபீல்டு ஃப்யூரி 175. 1988இல் பதிவானது. இளைஞர்கள் பலருக்கு இப்படி ஒரு வண்டி இருந்ததே தெரியாது.

திருவொற்றியூர் என்றால் புல்லட் என்று எல்லோருக்கும் தெரியும். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து ஆரம்பித்த ஆலை அது. இங்கிலாந்துக் கம்பெனி 1970வாக்கில் மூடிப்போன பிறகும் இங்கே புல்லட் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் அதே கம்பெனி டூ-ஸ்ட்ரோக் வண்டிகளையும் வரிசையாகப் போட்டது என்பதைப் பலரும் மறந்துவிட்டார்கள். அறுபதுகளில் வில்லியர்ஸ் இன்ஜின் வைத்த ஃபேன்டபுலஸ் ஸ்கூட்டர், ஷெர்பா, பிறகு குரூசேடர் 175, மினி புல்லட் 200. எண்பதுகளில் ஜெர்மனியின் சுண்டாப் கம்பெனியின் தொழில்நுட்பத்தை வாங்கி, இராணிப்பேட்டையில் புது ஆலை வைத்து, சில்வர் பிளஸ், எக்ஸ்ப்ளோரர் என்ற 50 சிசி வண்டிகளைக் கொண்டுவந்தார்கள். அந்த சுண்டாப் குடும்பத்தில் பெரியது ஃப்யூரி. சுண்டாப் 1984இல் திவாலாகிவிட்டது.

ஃப்யூரியில் ஐந்து கியர். முன் சக்கரத்தில் பிரெம்போ டிஸ்க் பிரேக். நம் ஊரில் டிஸ்க் பிரேக் என்ற சொல்லையே யாரும் கேட்டிராத காலம் அது. இவற்றைவிட முக்கியமானது சிலிண்டர். மற்ற வண்டிகளில் சிலிண்டருக்குள் இரும்பு ஸ்லீவ் இருக்கும். தேய்ந்தால் கொஞ்சம் அகலமாகக் கடைந்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுவிடலாம். போர் போடுவது என்று நம் மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். ஃப்யூரியில் ஸ்லீவ் கிடையாது. சிலிண்டரின் உட்சுவருக்குக் கெட்டியான குரோமியப் பூச்சு. அது சீக்கிரம் தேயாது. ஆனால் உரிந்துவிட்டால் போர் போட வழியில்லை. வேறு சிலிண்டர் தேட வேண்டும். அது எளிதில் கிடைக்காது. ஆக ஃப்யூரிக்கு விலை சொல்வது என்றால் முக்கால்வாசி அந்தப் பூச்சுக்கு விலை சொல்வதுதான்.

டூ-ஸ்ட்ரோக் என்றால் என்ன என்று ஒரு வார்த்தை. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் இதை 'தே தாம்' என்பார்கள். இரண்டு காலம் என்று பொருள். தாளக்கட்டுக்கும் அதே சொல்தான். பிஸ்டன் ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே. அவ்வளவில் ஒரு வெடிப்பு முடிந்துவிடும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் அதற்கு இரண்டு சுற்று வேண்டும். வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் உள்ள துவாரங்களைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. பெட்ரோலோடு கலந்த ஆயில்தான் உள்ளே இருக்கும் பேரிங்குகளுக்கும் மசகு. அதனால் இன்ஜின் சின்னது, எடை குறைவு, இழுவை அதிகம். கெட்டதும் அதிலேதான். எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு புகையோடு சேர்ந்து வெளியே போய்விடும். ஆயிலும் எரிந்து நீலப்புகையாகும். 2000க்குப் பிறகு புகைக் கட்டுப்பாடு இறுக இறுக, ஒவ்வொரு கம்பெனியாக டூ-ஸ்ட்ரோக் பைக்கைக் கைவிட்டது இதனால்தான்.

இப்போது வண்டி கிடைத்த விதம்.

எர்ணாவூரில் எங்களுக்குத் தெரிந்த ஓர் அம்மா. அவருடைய கணவர் எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 2022இல் தவறிவிட்டார். நல்ல கைக்காரர். சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பைக் ரேஸ் நடந்த காலத்தில், ரேஸ் பார்க்க சைக்கிளிலேயே போய் வருவாராம். அவர் ஆசையாக வைத்திருந்த வண்டி இந்த ஃப்யூரி. அவர் போன பிறகு நடையோரம் தார்ப்பாய் மூடிக் கிடந்தது.

அந்த அம்மாவுக்கு வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட வேண்டியிருந்தது. காயலான் கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்து, எடைக் கணக்கில் 7,500 ரூபாய் என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம், "அக்கா, சார் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல இருந்தவரு. வெல போடத் தெரியும். அவரே பாத்து ஒரு வெல சொல்லட்டும். வேணும்னா அவரே எடுத்துக்கட்டும்" என்றார்.

நான் சார் பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். நிலத்துக்கு விலை போடத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே நாங்கள் விலை போடுவதில்லை. அரசு வழிகாட்டி மதிப்பு என்று ஒரு பட்டியல் இருக்கும், தெருவாரியாக, சர்வே எண்வாரியாக. அதைப் பார்த்து எழுதுவோம். 2017இல் அரசு அந்த மதிப்பை ஒரே நாளில் 33 சதவீதம் குறைத்தது. அதற்காக ஊரில் எந்த மனையும் மூன்றில் ஒரு பங்கு மலிவாகிவிடவில்லை. பட்டியலில் இருக்கும் விலை வேறு, கை மாறும் விலை வேறு என்பதை என் வேலையில் தினமும் பார்த்திருக்கிறேன்.

பழைய பைக்குக்கு அந்தப் பட்டியல்கூடக் கிடையாது. பிரான்சில் 'லார்குஸ்' என்ற பத்திரிகை 1927இல் தொடங்கியது. பழைய கார்களுக்கு ஆண்டுவாரியாக விலை போடும். அந்த ஊரில் வண்டி விற்பவரும் வாங்குபவரும் அதை வைத்துத்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். அங்கே இருக்கும் என் தம்பி மகனுக்கு போன் போட்டுக் கேட்டேன். அவன் சில வருடங்களுக்கு முன்னால் பழைய யமஹா பான்ஷீ ஒன்று வாங்கினான். நம் ஊர்க் கடற்கரைகளில் வாடகைக்கு விடும் நாலு சக்கர பைக் போன்றது; ஆனால் அது விளையாட்டுப் பொருள் இல்லை. 347 சிசி, இரட்டை சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், தண்ணீரில் குளிரும் இன்ஜின். அமெரிக்காவில் 1987 முதல் 2006 வரை விற்றார்கள். யமஹாவின் 350 சாலை பைக் இன்ஜினிலிருந்து வந்தது. நம் ஊரில் எஸ்கார்ட்ஸ் 1983இல் கொண்டுவந்த ராஜ்தூத் 350க்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"பெரியப்பா, இதுக்கெல்லாம் பட்டியல்ல விலை பார்க்காதீங்க" என்றான். "பான்ஷீல எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு காட்டுற மீட்டரே கிடையாது. மணல்ல ஓடினதா, சேத்துல ஓடினதான்னு எழுதி வைக்கவும் ஆள் இல்ல. வண்டிதான் சொல்லணும்." அவன் பார்த்த வரிசையைச் சொன்னான். முதலில் இரண்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் ஒன்றுபோல இருக்கிறதா. பிறகு சேஸில் விரிசலோ வெல்டிங் தழும்போ உண்டா. பின் ஃபோர்க் ஆடுகிறதா. கால் வைக்கும் கட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது. கடைசியாக, எதையெல்லாம் கழற்றிவிட்டு வேறு பாகம் மாட்டியிருக்கிறார்கள். பெயிண்டைக் கடைசி வரைக்கும் பார்க்கவே கூடாது என்றான். புதுப் பெயிண்டு என்றால் சந்தேகம்தான் கூடுமாம். நாலு சக்கரத்துக்குச் சொன்னது இரண்டு சக்கரத்துக்கும் பொருந்தும் என்று எழுதிக்கொண்டேன்.

தண்டையார்பேட்டையில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். ஆர்.எக்ஸ். 100 வண்டிகளில் கை வைத்தே ஆளானவர். அவரைக் கூட்டிக்கொண்டு எர்ணாவூர் போனேன். அவர் கிக்கரைத் தொடவே விடவில்லை. "மூணு வருஷமா நின்ன வண்டி சார். ஒதைச்சா ரிங்கு இழுத்துக்கினு போவும்" என்று பிளக்கைக் கழற்றி, துவாரத்தில் கொஞ்சம் ஆயில் விட்டு, ஒரு நாள் ஊறட்டும் என்று சொல்லிவிட்டார். மறுநாள் கிக்கரைக் கையாலேயே மெல்ல அமுக்கினார். பிஸ்டன் அசைந்தது. அப்புறம்தான் ஹெட்டைக் கழற்றினார். டார்ச் அடித்து, புகை வெளியேறும் துவாரத்தின் ஓரத்தில் நகத்தை வைத்து மெதுவாக ஓட்டினார். குரோமியம் உரிய ஆரம்பித்தால் முதலில் அந்த ஓரத்தில்தான் நகம் தட்டும் என்றார். தட்டவில்லை. "சிலிண்டரு தப்பிச்சுது சார்" என்றார். அந்த அம்மா புரிந்ததோ இல்லையோ, கையெடுத்துக் கும்பிட்டார்.

எனக்கு இன்னொரு கவலை இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம். எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவிய அதே நாட்கள். எர்ணாவூரில் வீடுகளுக்குள் வந்த தண்ணீரிலும் எண்ணெய் மிதந்தது. அந்த அம்மாவின் வீட்டு நடைச் சுவரில் கறுப்பாக ஒரு கோடு இன்னும் அழியாமல் இருக்கிறது. டேப் வைத்து அளந்தேன். தரையிலிருந்து 11 அங்குலம். அந்த உயரத்துக்கு உப்பும் எண்ணெயும் கலந்த தண்ணீர் நின்றிருந்தால், இன்ஜினின் கீழ்ப்பாதிக்குள் புகுந்து பேரிங்கை அரித்திருக்கும்.

ஆனால் வண்டி தரையில் நிற்கவில்லை. செங்கல் அடுக்கி, மேலே பலகை போட்டு, 9 அங்குல உயரத்தில் நின்றது. தண்ணீர் டயரில் 2 அங்குலம் தொட்டதோடு சரி.

"2015 மழைக்கு அப்புறம் அவருதான் சார் இந்த மேடை கட்னாரு" என்றார் அந்த அம்மா. "மனுசன் படுக்கக் கட்டில் இல்ல, வண்டிக்கு மேடையான்னு தெருவே சிரிச்சுது."

கடற்காற்று தன் வேலையைச் செய்துதான் இருந்தது. சைலன்சரின் அடிப்பக்கம், போல்ட் தலைகள், டேங்கின் உள்பக்கம் எல்லாம் துரு. பிரேக் இறுகிக் கிடந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நின்ற வண்டியில் இது எப்போதும் நடப்பது. கிராங்கின் இரண்டு பக்க ஆயில் சீலும் காய்ந்திருக்கும், மாற்றியே ஆக வேண்டும் என்றார் மெக்கானிக். இன்ஜின் எண்ணும் சேஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதோடு ஒத்துப்போனது. எதுவும் தேய்த்து அடித்த எண் இல்லை. பாகங்கள் பெரும்பாலும் வண்டியோடு வந்தவை.

இனி விலை. நான் ஒரு முழுத்தாள் எடுத்து, கோடு போட்டு எழுதினேன். அதே மெக்கானிக் கை வைத்த, ஓடுகிற நிலையில், காகிதங்கள் சரியாக உள்ள ஒரு ஃப்யூரி 1,00,000 ரூபாய்க்குக் கை மாறியிருந்தது. அதை மேல்வரம்பாக வைத்துக்கொண்டேன். நம் வண்டியை அந்த நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவு:

டயர், டியூப் 5,000.
பிரேக் வேலை 6,000.
கிராங்க் சீல், பேரிங், கூலி 9,000.
டேங்க் சுத்தம், கார்புரேட்டர் 3,500.
வயரிங், பேட்டரி 4,500.
பதிவு புதுப்பித்தல், தாமதக் கட்டணம், இன்சூரன்ஸ் முதலியன 10,000.

மொத்தம் 38,000. கழித்தால் 62,000.

மெக்கானிக், "சார், இன்ஜின பிரிச்சா இன்னும் எதுனா வரும். ஏழு எட்டாயிரம் தள்ளிக்கோங்க" என்றார். வெறும் வாங்குபவனாக இருந்தால் தள்ளியிருப்பேன். அது நியாயமான பேரம்தான். ஆனால் விலை சொல்லச் சொல்லி என்னிடம் நம்பி ஒப்படைத்திருக்கிறார்கள். தெரியாத செலவு வந்தால் யார் தலையில் என்பதுதான் கேள்வி. விலை போடுகிறவனே வாங்கினால் அது வாங்குகிறவன் தலையில்தான் விழ வேண்டும் என்று முடிவு செய்தேன். தள்ளவில்லை.

'வின்டேஜ் வண்டி, லட்சக்கணக்கில் போகும்' என்று அந்த அம்மாவிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். அதையும் தெளிவாக்க வேண்டியிருந்தது. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டிதான் வின்டேஜ். அதற்குப் பதிவுக் கட்டணமே 20,000 ரூபாய். கண்காட்சி, பேரணி மாதிரியானவற்றுக்குத் தவிர அதைச் சாலையில் தினப்படி ஓட்டவும் முடியாது. 1988 வண்டிக்கு அந்தப் பேச்சே இல்லை. இது வெறும் பழைய வண்டி. 15 வருடம் கழிந்ததும் பதிவைப் புதுப்பித்து, பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போக வேண்டும். அவர் 2003, 2008, 2013, 2018 என்று ஒரு தவணைகூட விடாமல் செய்திருந்தார். ரசீதுகளெல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்தன. காகிதம் இப்படி இருக்கும் வண்டியை நான் அதிகம் பார்த்ததில்லை. காகிதம் இல்லாவிட்டால் இதே வண்டி பாகங்களின் விலைக்குத்தான் போகும்.

தாளை அந்த அம்மாவிடம் கொடுத்து வரி வரியாகப் படித்துக் காட்டினேன். "இது என் கணக்கு. எனக்கு வண்டி மேல ஆசை இருக்கு. அதனால இத நம்பி உடனே குடுக்காதீங்க. ஒரு மாசம் வச்சிருங்க. இந்தத் தாள வேற ரெண்டு பேருக்காவது காட்டுங்க. அதிகமா யாராவது குடுத்தா தாராளமா குடுத்துடுங்க" என்றேன். மெக்கானிக்கிடமும், தெரிந்த சேகரிப்பாளர்கள் இருந்தால் அனுப்பச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, "வாங்கணும்னு ஆசப்பட்டுட்டு, போட்டிக்கு நீங்களே ஆள் அனுப்புறீங்க" என்றாள். அந்த மாதம் முழுவதும் இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்று பேர் போனார்கள். ஒருவர் 40,000 என்றார். ஒருவர் தாளைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். மூன்றாமவர் புரசைவாக்கத்திலிருந்து வந்தவர்; நாலைந்து டூ-ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர். தாளில் இருந்த ஒவ்வொன்றையும் தானே சரிபார்த்துவிட்டு 65,000 சொல்லி, முன்பணமும் எடுத்து நீட்டியிருக்கிறார். அந்த அம்மா வாங்கவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"சார், அவரு அறுபத்தஞ்சு சொல்றாரு. ஆனா நீங்க எடுத்துக்கோங்க. அறுபத்திரண்டே போதும்."

"ஏம்மா, மூவாயிரம் அதிகமா தர்றாரு. கூர வேலைக்கு ஆகுமே?"

"அவரு ஷெட்டுல நிறுத்திப்பாரு சார். உங்ககிட்ட இருந்தா நான் பாக்கலாம். சத்தம் கேக்கும்."

நான் 65,000 கொடுத்தேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. என் தாளில் இருந்தது மதிப்பீடு. கையில் பணத்தோடு ஒருவர் வந்து நின்று சொன்னது விலை. அது தெரிந்த பிறகு நான் குறைத்துக் கொடுத்தால், அந்த மூவாயிரத்தை அவருடைய கணவரின் நினைவிலிருந்து நான் எடுத்துக்கொண்டதாக ஆகும். அவர் முதலில் மறுத்தார். என் மனைவிதான், "வாங்கிக்கம்மா, இவரு ராத்திரி தூங்கட்டும்" என்று பணத்தைக் கையில் திணித்தாள். அதற்கு பதிலாக ஒரு ஷரத்து போட்டார். வண்டி ஓட ஆரம்பித்ததும், மாதத்துக்கு ஒருமுறை எர்ணாவூருக்கு எடுத்து வந்து அவர் வாசலில் ஸ்டார்ட் செய்ய வேண்டும். எந்தப் பத்திரத்திலும் எழுத முடியாத ஷரத்து. ஒப்புக்கொண்டேன்.

காகித வேலை ஆர்.சி.க்காரர் இறந்துவிட்டால் எப்படி என்று சிலருக்குப் பயன்படலாம். முதலில் வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றோடு படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். மீஞ்சூரில் இருக்கும் மகள் வந்து கையெழுத்துப் போட்டாள். புதுப்பிப்புக்குப் படிவம் 25. அதன் பிறகுதான் வாங்குபவர் பெயருக்குப் படிவம் 29, 30. நேரே இறந்தவர் கையெழுத்துப் போட்டதுபோல ஒரு படிவம் நீட்டி, வேலையைச் சுருக்கித் தருகிறேன் என்று சொல்லும் ஆட்கள் உண்டு. வேண்டாம். பின்னால் வண்டியை நீங்கள் விற்கும்போது அந்த ஒரு கையெழுத்தே வண்டியின் விலையைத் தின்றுவிடும்.

வீட்டில் இப்படிப் பழைய டூ-ஸ்ட்ரோக் நிற்கிறது என்றால், யாரையும் உதைத்துப் பார்க்க விடாதீர்கள். பிளக்கைக் கழற்றிக் கொஞ்சம் ஆயில் விடுங்கள். ஆர்.சி., ரசீதுகள், பழைய சாவி, கழற்றி வைத்த பாகம், எதையும் தூக்கிப் போடாதீர்கள். எடைக்குக் கேட்பவருக்குப் பதில் சொல்ல ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வண்டியில் 7,500க்கும் 65,000க்கும் நடுவில் இருந்தது ஒரு சொட்டு ஆயிலும், ஒரு பிளாஸ்டிக் உறையும், 9 அங்குலச் செங்கல் மேடையும்தான்.

வண்டி இப்போது தண்டையார்பேட்டையில் பிரித்த நிலையில் இருக்கிறது. மெக்கானிக் சொன்ன மாதிரியே தாளில் இல்லாத செலவு ஒன்று வந்துவிட்டது. கிளட்ச் தட்டுகள், 4,200 ரூபாய். தாளில் கடைசி வரியாக எழுதிச் சேர்த்துவிட்டேன். எர்ணாவூரில் கூரை வேலை முடிந்துவிட்டது. பொங்கலுக்குள் வண்டி வந்துவிடும் என்கிறார் மெக்கானிக். அந்த அம்மா வாரம் ஒருமுறை போன் செய்து கேட்கிறார்.